வராத மலாய்

மலேசியாவில் மந்தின் ஊருக்கு அருகே ஒரு தொழில்நுட்ப இடைநிலைப்பள்ளியில் நானும் லோகேஸ்வரியும் ஒரே வகுப்பு. ஒரே எஸ்டேட் தமிழ்ப்பள்ளியிலிருந்து சேர்ந்து வந்தவர்கள். அறிவியல் கண்காட்சிக்கு வெள்ள எச்சரிக்கைக் கருவி செய்தோம். ஒயர்களை ஈயம் உருக்கிப் பற்றவைத்தது முழுக்க நான். மலாய் பேச எனக்கு நாக்கு தடுமாறும் என்பதால் விளக்கிச் சொல்வது அவள் வேலை.

நடுவர் என்னைக் காட்டி, யார் என்று மலாயில் கேட்டார்.

"சாமான் தூக்கிட்டு வந்தவள், சார்" என்று லோகேஸ்வரி மலாயிலேயே பதில் சொன்னாள்.

சூடுபட்ட விரல்களை மடக்கிக்கொண்டு நின்றேன்.

வெளியே வந்ததும் ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டேன்.

"நீ எப்படியும் வாயத் தொறக்க மாட்டல்ல, அதான்லா" என்று சிரித்தாள்.

இன்று நீலாய் ஊரில் ஒரு தொழிற்சாலையில் நாள் முழுக்க மலாய்தான் பேசுகிறேன். ஆனாலும் குளிக்கும்போது, "இதைச் செய்தது நான்தான், சார்" என்று மலாயில் சொல்லிப் பார்ப்பது இன்னும் நிற்கவில்லை.