கவுண்ட் எடுக்கப் பயந்தவர்

ஐயம்பேட்டை மணிவண்ணனுக்கு எலிகளின் ஆண்மை அத்துப்படி. காஞ்சிபுரத்துக்கு வெளியே ஒரு மருந்தியல் கல்லூரியில் எலிக்கூண்டுகளைப் பார்த்துக்கொள்வது அவர் உத்தியோகம். அங்கே ஆராய்ச்சி மாணவி சந்தியா, நன்றாக இருக்கும் ஆண் எலிகளுக்கு முதலில் ஒரு ரசாயனத்தைக் கொடுத்து விந்தணுவைக் கெடுப்பார். பிறகு பூனைக்காலி விதைச் சாற்றை ஊற்றி, விந்தணு எண்ணிக்கை, அதாவது ‘கவுண்ட்’, தேறுகிறதா என்று பார்ப்பார். கெடுத்துவிட்டுத் தேற்றும் வேலை அரசாங்கத்துக்கு மட்டுமே வரும் என்று நினைத்திருந்தேன், விஞ்ஞானமும் கற்றுக்கொண்டுவிட்டது.

மணிவண்ணனுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம். குழந்தை இல்லை. பட்டுக்கடையில் புடவை விரித்துக் காட்டும் மனைவி பிரவீனா, ஏழு பரிசோதனை முடித்து, ஏகாம்பரநாதர் கோயில் மாமரத்தையும் சுற்றி வந்துவிட்டார். அவரிடம் குறையில்லை என்று சீட்டும் வந்தது. பாக்கி மணிவண்ணன்தான். அவரோ டெஸ்ட் என்ற பேச்செடுத்தாலே எலிக்குத் தீனி வைக்கக் கிளம்பிவிடுவார்.

ஒருநாள் ஃபிரிட்ஜில், தோசை மாவுக்குப் பின்னால், பிரவீனாவுக்கு ஒரு பழுப்பு பாட்டில் அகப்பட்டது.

“இன்னா இது?”

“ஆன்டி ஆக்சிடன்ட்மா. சந்தியா மேடம் எலிக்கு ஊத்துனது போக மீந்தது.”

“இத்தக் குடிச்சுக்கினா ஹெல்மெட் வேணாமா?”

“ஐயே, அது இல்லம்மா. எலிங்களுக்கு நல்லா கேக்குதாம்.”

“எலிக்கெல்லாம் கவுண்ட் எடுக்கறப்ப கூட நிக்கிற. உனக்கு எடுக்க மட்டும் இன்னா வலிக்குது?”

மணிவண்ணன் குரலை இறக்கினார். “எப்படி எடுக்கிறாங்கன்னு உனக்குத் தெரியாது. நான் தெனம் பாத்துக்கினு இருக்கேன். மயக்கம் குடுத்து, அடிவயித்தக் கிழிச்சு, ரெண்டையும் வெளிய எடுத்து, கத்திரியால பொடிப்பொடியா…”

“அப்பறம்?”

“அப்பறம் எந்த எலியும் எழுந்து வந்ததில்ல.”

பிரவீனா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுத் தறி நின்றது. “யோவ், ஆம்பளைங்களுக்கு ஒரு டப்பா குடுத்து ரூமுக்குள்ள அனுப்புவாங்கய்யா. அவ்ளோதான்.”

“அப்ப எலிய மட்டும் ஏன் அறுக்கிறாங்க?”

“எலி கையில டப்பா குடுத்தா அது இன்னா பண்ணும்?”

மறுநாளே மணிவண்ணன் டப்பா வாங்கினார். ரிப்போர்ட் வந்தது: கவுண்ட் குறைவு. வழி இருக்கிறது, ஆறு மாசம் மாத்திரை சாப்பிட்டுப் பார்க்கலாம், எலிக் கஷாயத்தை மட்டும் நிறுத்துங்கள் என்றார் டாக்டர். முகம் தொங்கிப்போய் மாமனார் வீட்டில் வந்து உட்கார்ந்தார் மணிவண்ணன்.

மாமனார் குமரகுரு முப்பது வருஷம் பருத்தி நெய்துவிட்டுப் பட்டுக்கு வந்தவர். அவருக்குத் தெரிந்தது நூல் கவுண்ட். அதில் எண் ஏற ஏற நூல் மெலியும்.

“இன்னா மாப்ள, கவுண்ட் எவ்ளோவாம்?”

“கம்மி மாமா.”

“கம்மியா? அப்ப கெட்டி நூலுப்பா! லேசுல அறாது. எம் பொண்ணுக்கு நல்ல எடமாத்தான் பாத்திருக்கேன்!”

அப்பாவைத் திருத்த வாயெடுத்த பிரவீனா, புருஷன் முகத்தில் சிரிப்பு வருவதைப் பார்த்தார். தண்ணீரையும் முதல் மாத்திரையையும் எடுத்து நீட்டினார்.