நாத்தனாரின் நாலாவது அறிக்கை

என் நாத்தனாருக்குச் சாயப்பட்டறையில் வேலை. துணிக்குச் சாயம் ஏற்றுவதில்லை; சாயக்கழிவு வாய்க்காலில் விழும் குழாயடியில் தினமும் பாட்டிலில் தண்ணீர் பிடிப்பாள். பதினோரு வருஷமாக இதேதான். நிறம், காரம், சூடு எல்லாம் பார்த்து, மாதாமாதம் அறிக்கையில் கையெழுத்துப் போட்டு அரசு அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். எது எவ்வளவு வரை போகலாம், எந்த இடத்தில் பிடிக்க வேண்டும் என்பதெல்லாம் அரசு கொடுத்த அனுமதிப் பத்திரத்தில் இருக்கும். அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு அவள் அறைச் சுவரில் மாட்டியிருந்தார்கள்.

ஒருநாள் சாயங்காலம் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சரிந்தாள்.

"அண்ணி, செவுத்துல தொங்குறது பழசு."

"எது, காலண்டரா?"

"வெளையாடாதீங்க. அனுமதிப் பத்திரம். புதுசு வந்து மூணு மாசமாச்சு. மேனேஜர் டிராயர்ல தூங்குது. ஸ்டேப்ளர் தேடப்போயிப் பாத்தேன்."

புதியதில் இடம் மாறியிருக்கிறது. இயந்திரத்தைக் குளிர்விக்கும் நல்ல தண்ணீர் வந்து கலப்பதற்கு முன்பே பிடிக்க வேண்டுமாம். இவளோ கலந்த பிறகு பிடித்து, எல்லாம் சரி என்று மூன்று அறிக்கை அனுப்பிவிட்டாள். உப்புக் கூடிப்போன குழம்பில் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றிவிட்டு ருசி பார்த்த கதைதான்.

"புது எடத்துல புடிச்சுப் பாத்தியா?"

"பாத்தேன். நெறமும் சூடும் எக்கச்சக்கம். 'நாலாவதையும் பழையபடியே போடுங்கம்மா, அப்புறம் பாத்துக்கலாம்'ங்கிறார் மேனேஜர். அவருக்கென்ன, கையெழுத்து என்னுது."

"மாட்டேன்னா வேலை போயிடுமோ?"

"போனா போகட்டும்னு சொல்ல வாய் வரல அண்ணி. இன்னொரு எடம் தேடி, இன்னொருத்தர் மூஞ்சியப் பழகிக்கத் தெம்பில்ல."

எனக்கு ஆறுதல் சொல்ல வராது. பாத்திரம் தேய்த்துக்கொண்டே சொன்னேன்: "பொய்க் கையெழுத்தப் போட்டுட்டு, தூக்கம் வரலன்னு என் உயிர எடுக்காத."

மறுநாள் புது இடத்து அளவுகளை அப்படியே எழுதினாள். முந்தைய மூன்றும் தப்பான இடத்தில் பிடித்தவை என்று ஒரு கடிதமும் வைத்துத் தானே அனுப்பினாள். அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்து பிடித்துப் பார்த்தார்கள். பட்டறைக்கு நோட்டீஸ், கழிவைச் சுத்தம் செய்வதைச் சரியாக்க ஆறு மாதக் கெடு.

வேலை போகவில்லை. மேனேஜர்தான் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. புது இடம் பாய்லருக்குப் பின்னால் இருபத்தெட்டுப் படி கீழே. தினமும் இறங்கி ஏறி முழங்கால் வீங்கிவிட்டது.

"உண்மையச் சொன்னதுக்குக் கெடச்ச பரிசப் பாரு" என்று வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன்.

"பேசாம அழுத்துங்க அண்ணி. காலைல மறுபடி எறங்கணும்."