அம்மாவின் கை நின்ற இடம்

ராஜகீழ்ப்பாக்கம் வீட்டில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருக்கிறேன். எதிரே மகள் ஒரு சரித்திரத் துப்பறியும் நாவலைச் சத்தமாகப் படிக்கிறாள். அவரைக்காயின் பச்சை வாசனையும் படிக்கும் குரலும் சேர்ந்ததும் நான் வளர்ந்த அஸ்தினாபுரத்து ஞாயிற்றுக்கிழமைகள் நினைவுக்கு வந்துவிட்டன.

சர்ச்சிலிருந்து திரும்பியதும் அப்பா வாடகை நூலகத்துப் புத்தகத்தை எனக்கும் அக்காவுக்கும் வாசிப்பார். கொலைகாரனைச் சரியாகச் சொல்பவருக்குக் கறிக்குழம்பின் நல்லி எலும்பு. அம்மா போட்டியில் இல்லை. புத்தகம் வந்த அன்றே கடைசி அத்தியாயத்தைப் படித்துவிடுவார். "முடிவு தெரியாம எனக்குத் தூக்கம் வராதுங்க."

கொலைகாரன் வரும் இடத்தில், அவரைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்கும் அம்மாவின் கத்தி சற்று நிற்கும். அதைப் பார்த்தே இரண்டு கதைகளில் நல்லி வாங்கினேன். "உனக்கு யாருடி காதுல ஓதுறது?" என்றாள் அக்கா.

மூன்றாவது, ஒரு பாண்டிய நாட்டுக் கதை. கொலைப்பழியில் சிறையிருக்கும் தகப்பனை மீட்க ஒரு சின்னப் பெண் தனியாகவே துப்புத் தேடினாள். அரண்மனை வைத்தியர் வந்ததும் கத்தி நின்றது. "வைத்தியர்தான்" என்றேன்.

கொலைகாரன் படைத்தலைவன். நல்லி அக்காவுக்குப் போனது.

"அந்தப் பொண்ணு எவ்ளோ அலையுறா. நீ என் கையைப் பார்த்துக்கினு உக்காந்திருக்க" என்றார் அம்மா, சிரிக்காமல்.

இப்போது மகள் என் கையைப் பார்த்துக்கொண்டே படிக்கிறாள். நேற்று நான் கடைசிப் பக்கங்களைப் புரட்டியது அவளுக்குத் தெரியும். கதையில் கோயில் கணக்கர் உள்ளே வருகிறார். அவர் நிரபராதி. நான் கத்தியை நிறுத்தினேன்.