மேர்லினின் வளவும் தமிழில் கிடந்த பழைய சட்டமும்

மேர்லின் என்ற பெயரை முதன்முதலில் கேட்டபோது அது ஏதோ மருந்தின் பெயர் என்றுதான் நினைத்தேன். என் சித்தப்பாவின் மகன் கோணாமலை, வாகரையில் பஸ்ஸுக்கு நின்ற என்னிடம் ஓடிவந்து, "அக்கா, பொம்புளப் புள்ள பிறந்திருக்கு. மேர்லின் எண்டு பேர் வெச்சிட்டாங்க" என்றான். வைத்தவர்கள் அவன் மனைவி மக்டலினின் ஆட்கள். மெதடிஸ்தக்காரர். கோணாமலை கலியாணம் முடித்துக் கதிரவெளியில் மக்டலினின் வளவுக்குப் போயிருந்தான். எங்கள் பக்கத்தில் ஆண்தான் பெண்ணுடைய வீட்டுக்குப் போவான். வீடும் அதைச் சுற்றிய வளவும் பெண்பிள்ளைக்கு. மக்டலினுக்கு அது அவளுடைய தாய் கொடுத்தது, அடுத்தது மேர்லினுக்கு. இதை ஒருவரும் ஒருவருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை.

சொல்லாமலே விட்டதில்தான் எல்லாம் வந்தது.

அந்த வளவு பெர்மிட் காணி. அரசாங்கம் கொடுத்தது. பெர்மிட்காரர் தனக்குப் பிறகு இன்னாருக்கு என்று பிரதேச செயலகக் கந்தோரில் ஒரு பெயரைப் பதிய வேண்டும். பின்னுரித்தாளி என்பார்கள். மக்டலின் பதியவில்லை. நான் ஒருமுறை கேட்டேன். "என்னத்துக்கு மச்சாள்? மேர்லின்ட வளவு எண்டு ஊருக்கே தெரியும்" என்றாள். ஊருக்குத் தெரிந்தது கந்தோருக்கும் தெரியும் என்று நினைத்தவள் அவள் மட்டுமல்ல, எங்கள் ஆட்கள் முக்கால்வாசிப் பேரும் அப்படித்தான்.

கோணாமலையைச் சுனாமி கொண்டுபோனது. அதற்குள் இரண்டு பிள்ளைகளும் ஆளாகியிருந்தார்கள். மூத்தவள் மேர்லின், அடுத்தவன் ஜொய்சன். ஜொய்சன் வெல்லாவெளியில் பெண் எடுத்து அங்கே போய்விட்டான். மனைவியின் வீடு, மனைவியின் வட்டை, அந்த வயலில் வேளாண்மை. மேர்லின் தன் மகளோடு தாயிடமே இருந்தாள். மீனை வெட்டி உப்பிட்டு வளவு முழுவதும் தட்டிகளில் காயப்போட்டு, கருவாட்டை ஓட்டமாவடிக்குக் கொண்டுபோய் விற்பாள். கடல் இரைச்சலுக்கு மேலாகப் பேசிப் பழகிய குரல், அதனால் ஊரில் சண்டைக்காரி என்று பெயர். யாரையும் ஏமாற்றியதாக ஒரு சொல் கேட்டதில்லை.

மக்டலின் கண்மூடிய பிறகு மேர்லின் பெர்மிட்டைத் தன் பெயருக்கு மாற்றப் போனாள். கந்தோர்க்காரர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. எல்லாம் இணையத்தளத்தில் தமிழிலேயே போட்டிருக்கிறது, பார்த்துத் தெரிந்துகொண்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

ஓட்டமாவடியில் நௌஷாட் என்பவர் கொமினிகேஷன் கடை வைத்திருக்கிறார். போட்டோக் கொப்பி எடுப்பார், கொம்பியூட்டரில் தேடிக் கொடுப்பார். மேர்லினிடம் கருவாடு வாங்குகிறவர். அவர் அந்தப் பக்கத்தைத் திறந்து வாசித்தார். பெயர் பதியாமல் இறந்தால் காணி ஆண்பிள்ளைகளுக்கு, அவர்களில் மூத்தவருக்கு. பெண்பிள்ளைகள் அதற்குப் பிறகு. மேர்லின் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னாளாம். தமிழில், அரசாங்க முத்திரையோடு இருந்தது. எப்படி நம்பாமல் இருப்பாள்?

வேறு ஒருத்தியாக இருந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பாள். இவள் தானே தம்பிக்குப் போன் எடுத்து, சட்டம் உனக்கென்று சொல்கிறது என்றாள். அதுவரை அவன் அந்த வளவைக் கேட்டவனே இல்லை. "என்ட பேருக்கு எடுத்து உனக்கே எழுதித் தாறன் அக்கா" என்றான். அதை நம்பி, தனக்கு ஆட்சேபனை இல்லை என்று கந்தோர்க் கடிதத்தில் ஒப்பம் வைத்துக் கொடுத்தாள். அவனும் விண்ணப்பம் போட்டான்.

பிறகு ஜொய்சனின் மகள் டினோஷாவுக்குக் கலியாணம் பேசினார்கள். மாப்பிள்ளை பகுதியார் வீடு கேட்டார்கள். வெல்லாவெளி வீட்டில் மனைவியின் தங்கைக்கும் பங்கிருந்தது. ஜொய்சன் கதிரவெளி வளவைச் சீதனமாகச் சொல்லிவிட்டான். எங்களுக்குக் குடி என்கிற குலம் தாய்வழி. டினோஷா அவளுடைய தாயின் குடி. மக்டலினின் குடிக்கு இருந்த வளவு இன்னொரு குடிக்குப் போகிறது, மேர்லினின் மகள் வெறுங்கையோடு நிற்கிறாள். தட்டிகளை வேறிடத்துக்கு மாற்று என்று தம்பி போனில் சொன்ன அன்றும் மேர்லின் வழக்கம்போல் மீனுக்கு உப்பிட்டுக்கொண்டிருந்தாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அந்த நேரத்தில்தான் நௌஷாட் கடையைப் பூட்டிவிட்டு மோட்டார் சைக்கிளில் வந்தார். வெலிகந்தைப் பக்கத்துச் சிங்களவர் ஒருவர் இதே விஷயத்துக்குக் கடைக்கு வந்திருக்கிறார். அவருக்குச் சிங்களத்தில் அதே பக்கத்தைத் திறந்தால் அதில் வேறு சட்டம். ஆண், பெண் பார்ப்பதில்லை, மூத்த பிள்ளைக்கே. பழைய சட்டத்தை மாற்றியும் விட்டிருக்கிறார்கள், மக்டலின் இறப்பதற்கு முன்பே.

"நான் உங்களுக்கு வாசிச்சது செத்துப்போன சட்டம் அக்கா. தமிழ்ல அத மாத்தாமலே விட்டு வெச்சிரிக்கானுகள்" என்றார். உட்காரவும் மறுத்துவிட்டார்.

நான் அதிகம் படித்தவளல்ல. ஆனால் ஒரே வீட்டில் ஒரு பிள்ளைக்குச் சுடுசோறும் மற்றப் பிள்ளைக்கு ஊசிப்போன சோறும் போட்டால் அதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியும். பெயர்ப்பலகையில் மூன்று மொழி எழுதத் தெரிகிறது, மாறிய சட்டத்தைத் தமிழில் போட மட்டும் ஆளில்லை.

மேர்லினோடு நானும் கந்தோருக்குப் போனேன். அதே மனிதர். இணையத்தளம் தங்கள் பொறுப்பில்லை, கொழும்பில் செய்வது என்றார். சட்டம் தெரியாது என்று சொல்லி ஒப்பத்தை மீளப்பெற முடியாது என்றார்.

"தெரிஞ்சிகொள்ளத்தானே சேர் போனன். நீங்க அனுப்பின இடத்துக்குத்தான் போனன்."

"அப்ப சிங்களத்துலயும் ஒருக்காப் பாத்திரிக்கலாமே" என்றார் அவர். பக்கத்து மேசையில் சிரித்தார்கள்.

"தமிழ் மட்டும் தெரிஞ்சதுக்குத் தண்டனையா என்ட வளவ எடுக்கிறீங்க?" என்று கேட்டாள் மேர்லின். கடற்கரைக் குரல். வெளியே வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அன்றுதான் அவளுடைய ஆட்சேபனையை எழுத்தில் எடுத்துக்கொண்டார்கள்.

ஜொய்சனும் விசாரணைக்கு வந்தான். "நீதானே ஒப்பம் வெச்ச" என்று தமக்கையிடம் சொன்னான். என்னால் பொறுக்க முடியவில்லை.

"நீ பொஞ்சாதிர வீட்டுல இருக்கிறியே, அது எந்தப் பக்கத்துல போட்டிருக்கிற சட்டம்டா மனே?" என்று கேட்டேன்.

அவன் எழுந்து வெளியே போனான். தான் கொடுத்த விண்ணப்பத்தை வாபஸ் வாங்கவில்லை. கலியாணத்தைத் தள்ளிவைத்துவிட்டு விசாரணைக்கு வந்து போகிறான். விசாரணையையும் தள்ளித் தள்ளி வைக்கிறார்கள். ஒருமுறை அதிகாரி விடுமுறை, ஒருமுறை கோப்பு வரவில்லை. தமிழ்ப் பக்கம் இன்னும் மாறவில்லை என்று நௌஷாட் சொல்கிறார். அதைப் பார்த்து இன்னும் எத்தனை பெண்கள் ஒப்பம் வைத்துக்கொண்டிருக்கிறார்களோ.

மேர்லின் இப்போது கதிரவெளியில் அந்த வளவிலேயே இருக்கிறாள். காணி இன்னும் அவள் பெயரில் இல்லை.