பதினோரு நூல்களும் ஒரு வாஷரும்

“நூலை அறுத்துடாதீங்கண்ணே!” என்று ரேவதி கத்தியபோது என் ஏணி அதில் ஒன்றை உரசிக்கொண்டிருந்தது. தகரக் கூரையில் ஸ்க்ரூ முறுக்கிப் பிழைக்கிறவர்களே, ஏறுவதற்கு முன்பே திட்டு வாங்குவது நமக்குப் புதிதில்லை.

ஒழுகும் இடம்

அரியாங்குப்பத்தில் ரேவதியின் தையல் ஷெட். மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டிய வெள்ளைச் சட்டைகள் மேசை நிறைய. துருத் தண்ணீர் ஒரு சொட்டு பட்டால் சட்டை வீண். கிழக்கே மேகம் கட்டியிருந்தது.

எங்கே ஒழுகுகிறது என்று கேட்டால் எல்லோரும் சொட்டு விழும் இடத்தைக் காட்டுவார்கள். தண்ணீர் ஒரு பக்கம் இறங்கி, இரும்புச் சட்டத்தோடு ஓடி, வேறு பக்கம் சொட்டும். நாம் அரை நாள் தேடுவோம். ரேவதி தேட விடவில்லை. மழைக்கு மழை மேசைமேல் ஏறி, ஒழுகும் ஸ்க்ரூவைக் கண்டுபிடித்து, உள்ளே நீட்டிய அதன் முனையில் நூல் கட்டி வாளிக்குள் விட்டிருந்தார். தண்ணீர் தெறிக்காமல் நூல் வழியாக இறங்கும். பதினோரு நூல்கள். பல வருஷமாக என்னோடு கூரை ஏறும் மிக்கேல் அண்ணாந்து பார்த்தபடி சொன்னார். என்னை அவர் பிரெஞ்சுக்காரர் வழக்கத்தில் ‘மிசே’, அதாவது ஐயா, என்றுதான் கூப்பிடுவார்.

“மிசே, இனிமே இந்தம்மா ஏறட்டும். நாம ஏணியப் பிடிப்போம்.”

இறுக்கம்

நூல் காட்டிய ஸ்க்ரூக்களைக் கூரைமேல் ஒவ்வொன்றாகக் கழற்றி, புது வாஷர் போட்டு முறுக்கிவந்தேன். ஒன்பதாவது ஸ்க்ரூ பிடிக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. மழைக்கு முந்த வேண்டுமென்று ட்ரில்லை அழுத்தினேன். ஸ்க்ரூவின் தலைக்கடியில் தண்ணீரை அடைக்கும் ரப்பர் வாஷர் பிதுங்கிப் பிளந்தது. பார்க்காததுபோல் பத்தாவதுக்கு நகர்ந்தேன்.

முடிந்து நான் இறங்கியதும், ஒழுகுகிறதா என்று பார்க்க மிக்கேல் முகட்டிலிருந்து தண்ணீர் ஊற்றினார். கீழே ரேவதி ஒவ்வொரு நூலாக இரண்டு விரலால் நீவிக்கொண்டே வந்து, ஈரம் பட்டு ஒன்பதாவதில் நின்றார். பிளந்த வாஷரைப் பற்றிச் சொல்லிவிட்டேன்.

“பட்டனையே நான் அவ்ளோ இறுக்க மாட்டேண்ணே. துணி கிழிஞ்சிடும்.”

மழை

மறுபடி ஏறினேன். ஒரு சைஸ் பெரிய ஸ்க்ரூ, புது வாஷர். கடைசிச் சுற்றுகளைக் கையாலேயே முறுக்கினேன். இறங்கும்போது முதல் தூறல் முதுகில் விழுந்தது. பிறகு கொட்டியது. பேச்சே கேட்கவில்லை. ரேவதி பதினோரு நூல்களையும் நீவிப் பார்த்துவிட்டு என் காதருகே வந்தார்.

“சத்தம் மட்டுந்தாண்ணே உள்ள வருது.”

கூரையைப் பற்றி மேலே ஏறுகிறவனைவிடக் கீழே இருக்கிறவருக்கு எப்போதும் ஒரு ஸ்க்ரூ அதிகம் தெரியும். மழை விட்டதும் ரேவதி கத்திரியோடு மேசைமேல் ஏறி, பத்து நூல்களை வெட்டிச் சுருட்டிக்கொண்டு, ஒன்பதாவதின் கீழ் வாளியைச் சரியாக நகர்த்தி வைத்தார்.