கொழும்புப் பந்தயத்துக்குப் போன கண்மாய்க்காரர்

அம்மனை நம்பிய சகோதரிகளே,

என் வீட்டுக்காரர் மதுரை கோர்ட்டில் குமாஸ்தா. கடலை ராமேஸ்வரத்தில் ஒரே ஒரு தரம் பார்த்தவர். அதுவும் முழுக்குப் போட. பக்கத்துக் கண்மாயில் ஒரு ஓட்டைப் படகுக்கு என் பழைய சேலையைப் பாயாகக் கட்டி, கரைக்குக் கரை போய்வருவார். அவ்வளவுதான் அவர் கடல் அனுபவம்.

இரண்டாவது ஜெர்மன் சண்டை தொடங்குவதற்கு முந்தின வருஷம். தூத்துக்குடியிலிருந்து கொழும்பு வரைக்கும் துரைமார் பாய்மரப் படகுப் பந்தயம் வைத்தார்கள். தொழில்காரர்கள் கூடாதாம், ஆசைக்கு ஓட்டுகிறவர்கள் மட்டும்தானாம். அதாவது ஒன்றும் தெரியாதவர்கள். இவரை விட்டால் வேறு யார்? என் அண்ணன் வேறு, "மாப்ள, நீங்க போனா வெள்ளைக்காரன் வாலைச் சுருட்டிக்கிருவான்" என்று ஏற்றிவிட்டான். அவனுக்கு நீச்சலே தெரியாது.

அழுதேன். சாப்பிடாமல் கிடந்தேன். பிள்ளைகளைக் காட்டிக் கெஞ்சினேன். "பொம்பளைக்குக் கடலைப் பத்தி என்ன தெரியும்?" என்றார். கண்மாய்க்காரர் கேட்கிறார்!

கடைசியில், ராகு காலத்தில் மட்டும் புறப்படுவதில்லை என்று என் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்யச் சொன்னேன். சாமியாவது பூதமாவது என்று பேசுகிறவர், என் வாயை அடைப்பதற்காகச் செய்தார்.

வெள்ளிக்கிழமை பந்தயம் தொடங்கத் துப்பாக்கி வெடித்ததே ராகு காலத்தில். மற்றப் படகெல்லாம் பறந்துவிட்டதாம். இவர் மட்டும் சத்தியத்துக்குக் கட்டுப்பட்டுக் கரையில் உட்கார்ந்து வெற்றிலை மென்றாராம். துரைமார் சிரித்தார்களாம். கோட்டுப் போட்ட நம் வக்கீல்களும் சேர்ந்து சிரித்தார்களாம். சிரிக்கட்டும்.

மத்தியானம் மதுரையில் வானம் கறுத்தது. மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்துகொண்டு மீனாட்சி சன்னிதிக்கு ஓடினேன். "தாயே, அவருக்குப் புத்தி குடுன்னு கேக்கல. அது உன்னாலயும் ஆகாது. உசுரை மட்டும் குடு."

முன்னால் பறந்த மகாராசன்கள் நடுக்கடலில் பாய் கிழிந்து தத்தளித்து, ஒரு சரக்குக் கப்பல் அவர்களைப் பொறுக்கியெடுத்ததாம். இவர் தாமதமாகப் புறப்பட்டதால் கரைக்குச் சமீபத்திலேயே கவிழ்ந்தார். மழையில் எதிரே இருப்பது தெரியவில்லையாம். திரும்பிக்கொண்டிருந்த வலைக்காரர்கள் சத்தம் கேட்டு வந்து தூக்கினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை, யாரோ கொடுத்த கைலியைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"பொம்பளை யாரோ விழுந்துட்டான்னுதான் தோணியைத் திருப்புனாங்களாம்" என்றார்.

"ஏன்?"

"நான் செல்லம்மா செல்லம்மான்னு கத்துனேன். சாமி பேரைத்தான் சொல்லணும்னு நெனச்சேன். வாயில வரல."

கல்யாணமான நாளிலிருந்து என்னை 'இந்தா' என்றே கூப்பிட்டவர். என் பேர் அவருக்கு ஞாபகம் இருப்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். வாய்விட்டு அழுதேன்.

இப்போது வெள்ளிக்கிழமைதோறும் எனக்கு முந்திக் கோயிலுக்குக் கிளம்புகிறார். கண்மாய்ப் பக்கம் போவதில்லை.

சகோதரிகளே, தாயை நம்புங்கள். முறையாகக் கூப்பிடத் தெரியவில்லையே என்று தயங்காதீர்கள். தாயின் பேரே வாயில் வராத ஒரு மூடனுக்கு அவள் தோணி அனுப்பினாள்.