அப்பாவின் சிவப்பு அட்டை

சென்ற மாதம் வீட்டிலிருந்த பழைய நெகட்டிவ்களை ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றினேன். அவற்றில் ஒன்று ஆளைப் பார்த்து எடுத்ததல்ல. ஓர் அடையாள அட்டையைப் பார்த்து எடுத்தது. அது அப்பாவுடையது.

எழுபதுகளின் நடுவில் ஒரு காலை, மலேசியாவின் செமோர் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போன அப்பா மரத்தடியிலேயே சரிந்து விழுந்து இறந்துபோனார். அப்போது எனக்கு எட்டு வயது. அடக்கம் முடிந்த மூன்றாம் நாள், இறப்பைப் பதியும்போது அட்டையை வாங்கிக்கொள்வார்கள், திருப்பித் தரமாட்டார்கள் என்று சித்தப்பா சொன்னார். அம்மா திடுக்கிட்டு நிமிர்ந்தார். கல்யாணப் படம் மழையில் ஊறிப் பூஞ்சை பிடித்துப் போயிருந்தது. அப்பாவின் முகம் இருந்தது அந்த அட்டையில் மட்டுந்தான்.

அந்நாளில் மலேசியக் குடிமக்களுக்கு நீல அட்டை, குடியுரிமை இல்லாதவர்களுக்குச் சிவப்பு. சிறுவயதிலேயே தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்த அப்பாவுடையது சிவப்பு. நீல அட்டைக்காக மூன்று முறை மனுப்போட்டு, மூன்று முறையும் மலாய்க் கேள்விகளுக்கு வாய் திக்கித் திரும்பியிருந்தார். வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசமாட்டோம்.

மறுநாள், கொடுக்கும் முன் அட்டையைப் படமெடுத்து வைத்துக்கொள்ள, அம்மா, சித்தப்பா, நான் மூவரும் ஈப்போ பட்டணத்துக்கு பஸ் ஏறினோம். ஸ்டுடியோக்காரர் தமிழர். அட்டையை மேசையில் வைத்து, கேமராவை அதன் மேல் கவிழ்த்துப் பொருத்தினார். அட்டையின் பிளாஸ்டிக் உறை மினுங்கியதால் விளக்குகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்.

"மொகத்த மட்டும் பெருசாக்கி, கோட்டு டையெல்லாம் வரஞ்சு தாரேன்க்கா. எல்லாரும் அப்படித்தான் கேப்பாங்க."

எனக்கு உடனே அந்தக் கோட்டு வேண்டும் போலிருந்தது. அம்மா மறுத்துத் தலையசைத்தார்.

"வேணாம்ண்ணே. கார்டு முழுசா வரட்டும்."

"பேரு, நம்பரு, கைரேகையோடயா அண்ணி செவுத்துல மாட்டுவீங்க? நல்லாருக்காதுலா" என்றார் சித்தப்பா.

நான் கோட்டுக்காக அழுதேன். அம்மா முழு அட்டைக்குமே முன்பணத்தை எண்ணி வைத்தார்.

அங்கிருந்து நேரே பதிவு அலுவலகம். குமாஸ்தா அட்டையை வாங்கி, பெயரைச் சரிபார்த்து, மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடினார். அம்மாவின் கை சற்று நேரம் நீட்டியபடியே இருந்தது.

ஒரு வாரம் கழித்துப் படத்தை வாங்கப் போனோம். பெரிய கறுப்பு வெள்ளைப் படம். சட்டைப் பொத்தான்களைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு அப்பா விறைப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா அதைக் கடைவாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், படத்திலிருந்த அட்டையின் நான்கு ஓரங்களையும் விரலால் தடவினார்.

"செவப்பு தெரியல" என்றார்.

சித்தப்பா முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டார். அப்பாவின் உடலைத் தூக்கிப் போனபோதுகூட வாய்விட்டு அழாத அம்மா, கடைவாசல் ஐந்தடி நடைபாதையில் உட்கார்ந்து அழுதார்.

படம் சரியாக வரவில்லை என்றுதான் அந்த வயதில் நினைத்தேன். அம்மாவின் தோளைத் தொட்டு, "கலர்ல எடுக்கச் சொல்லிருக்கலாம்மா. செவப்பு நல்லா தெரிஞ்சிருக்கும்" என்று சமாதானம் சொன்னேன்.